நல்ல ஸ்பீக்கரில் பாட்டு கெட்டுக் கேட்கிறதா? குறியைப் பார்த்துக் குறையைத் தேடுங்கள்

மட்டக்களப்பில் வீட்டுக்கு மொனிட்டர் ஸ்பீக்கர் (பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் தரும் ஸ்டூடியோ வகை) வாங்குகிறவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். வாங்கி ஒரு கிழமை போகாது, முறைப்பாடு வந்துவிடும். "பழைய செற்றில நல்லாக் கேட்ட பாட்டு இதில கேக்க ஏலாமக் கிடக்கு." பிறகு வயரை மாற்றுவார்கள், அம்பிளிஃபயரை மாற்றுவார்கள், கடைசியில் ஸ்பீக்கரையே பாதி விலைக்கு விற்பார்கள். அதற்குள் பாட்டின் பதிவை ஒருவரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

பழைய செற் மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் விழுங்கிவிட்டு நடுவை மட்டும் தந்தது. பதிவில் கிடந்த கோளாறுகளும் அதோடு சேர்ந்து மறைந்து போயின. உள்ளதை உள்ளபடி தரும் ஸ்பீக்கர் அவற்றையும் எடுத்து முன்னால் வைக்கிறது. அதற்காக எல்லாப் பழியையும் பதிவின் தலையில் போடவும் முடியாது. அறை கெடுக்கும், பிளக் கெடுக்கும், கசற் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட் கெடுக்கும். எது கெடுக்கிறது என்று தெரியும் வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

முதல் வேலை: பதிவா, செற்றா, அறையா?

பரிசோதனைக்கென்று மூன்று பதிவுகளை ஒதுக்கி வையுங்கள். ஒன்று, எளிமையான கச்சேரிப் பதிவு: ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், அசல் சிடியிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் நெடுநாள் கேட்டுப் பழகிய, பல இடங்களில் நன்றாகக் கேட்ட சினிமாப் பாட்டு. மூன்றாவது, உங்கள் வீட்டு ஆள் ஒருவர் சும்மா கதைக்கும் குரல். அதை வெளி முற்றத்தில் வைத்து, மைக்கைக் கிட்டப் பிடித்துப் பதிவு செய்யுங்கள். தினமும் கேட்கும் குரல் என்பதால் கொஞ்சம் மூக்கடைத்தோ நெஞ்சுக்குள் இருந்தோ ஒலித்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். விலையுயர்ந்த சோதனை சிடி எதுவும் இந்த வேலையை இதைவிட நன்றாகச் செய்யாது.

இனி, குறை தெரிகிற பாட்டைப் போடுங்கள். அதே இடத்தை நல்ல ஹெட்போனிலும் கேளுங்கள். ஹெட்போனிலும் அதே குறை இருந்து, பரிசோதனைப் பதிவுகள் மூன்றும் சுத்தமாக இருந்தால், பதிவில்தான் பிழை. ஹெட்போனில் இல்லாமல் ஸ்பீக்கரில் மட்டும் இருந்தால் ஸ்பீக்கர், வயர், அறை என்று போக வேண்டும். அப்படியே கதிரையை இரண்டு மூன்று அடி முன்னே பின்னே நகர்த்தும்போது குறை கூடிக் குறைந்தால், அறை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே குறை என்றால் பதிவைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஒரு டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடினாலே கூடினது நல்லது போலத் தோன்றும். இதைக் கவனிக்காததால் வரும் சண்டைகள்தான் பாதி. அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

"பழைய பாட்டு காதைக் குத்துது"

1950களின், 60களின் சினிமாப் பாட்டு என்றால் இது கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டியதே. அக்காலப் படங்களின் ஒலி படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதியப்பட்டது. அதில் 8 கிலோஹேர்ட்ஸுக்கு (ஒலியின் உயரத்தை அளக்கும் அலகு, எண் கூடினால் மேல் ஒலி) மேல் பெரிதாக எதுவும் இருக்காது. இசைத்தட்டில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கூடவே ஊசி உரசும் இரைச்சலும் இருக்கும். பிற்காலத்தில் சிடிக்கு மாற்றியவர்கள், மந்தமாக இருக்கிறதே என்று 3 முதல் 6 கிலோஹேர்ட்ஸ் வரையான பகுதியை ஏற்றிவிட்டார்கள். இல்லாத ஒலியை ஏற்ற முடியாது, இருக்கிற இரைச்சலும் கரகரப்பும்தான் ஏறும். சின்ன ரேடியோவில் இது தெளிவாகக் கேட்டது. மொனிட்டரில் ஊசி.

குத்துவது எங்கே என்று பாருங்கள். ச, ஸ, ஷ எழுத்துகளில் மட்டும் குத்தினால் 5 முதல் 9 கிலோஹேர்ட்ஸ் பகுதி. பாடகி உச்சத்துக்குப் போகும்போது மட்டும் குரல் கிழிகிறதென்றால் அது மேல் ஒலியின் அளவோடு சம்பந்தப்பட்டதல்ல. மூலப் பதிவே தாங்க முடியாமல் சிதைந்திருக்கிறது, எந்தக் குமிழைத் திருகியும் அது போகாது. முதலாவது வகைக்குப் பாட்டைப் போடும் மென்பொருளில், ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்தப் பகுதியை 2, 3 டெசிபெல் இறக்கினால் போதும். அதற்கு மேல் இறக்கினால் குரலின் உயிரும் போய்விடும்.

இந்த இறக்கத்தை அந்தப் பாட்டுக்கு மட்டும், அல்லது பழைய பாட்டுகளுக்கென்று சேமித்து வைத்த ஓர் அமைப்பில் மட்டும் வையுங்கள். அம்பிளிஃபயரின் ட்ரெபிளை நிரந்தரமாக இறக்கி வைத்துவிட்டு நல்ல பதிவுகளையும் மந்தமாகக் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆணத்தில் உப்புக் கூடினால் சட்டியை மாற்றுவதில்லை.

அதே பாட்டின் வேறு வெளியீடு கிடைத்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். புதிதாக மெருகூட்டியது என்று அட்டையில் போட்டிருப்பதைவிட, யாரும் கைவைக்காத பழைய சிடி பல நேரம் நன்றாக இருக்கும்.

"குரல் நடுவில நிக்குதில்ல"

இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நேராக உட்கார்ந்தால் பாடகர் நடுவில் நிற்க வேண்டும். நிற்காமல் குரல் தலையைச் சுற்றி எங்கோ பரந்து கிடந்து, பேஸும் காணாமல் போயிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. ஒன்றின் சிவப்பும் கறுப்பும் தலைகீழ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாற்றிப் பூட்டுங்கள். பேஸ் திரும்ப வந்தால் அவ்வளவுதான் விஷயம்.

குறிப்பிட்ட ஒரு பாட்டில் மட்டும் இப்படி இருந்தால், கசற்றிலிருந்து கணினிக்கு ஏற்றியவர் எங்கோ ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கியிருக்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். குரல் மாயமாக மறைந்து பக்கவாத்தியம் மட்டும் மிஞ்சினால் சந்தேகமே வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டி மென்பொருளில் ஸ்டீரியோவை இரண்டு தடங்களாகப் பிரித்து ஒன்றைத் தலைகீழாக்கிச் சேமித்தால் சரியாகிவிடும்.

இன்னொரு வகை பொய் ஸ்டீரியோ. மோனோவில் பதிந்த பாட்டைப் பிற்காலத்தில் ஸ்டீரியோ என்று விற்பதற்காக, கீழ் ஒலியை ஒரு பக்கமும் மேல் ஒலியை மறுபக்கமும் தள்ளி, கொஞ்சம் எதிரொலியும் தூவியிருப்பார்கள். தபேலா இடக்காதில், தாளம் வலக்காதில், குரல் இரண்டுக்கும் நடுவே அலையும். இதற்கு மருந்தும் மோனோ பொத்தான்தான். அழுத்தியவுடன் எல்லாம் ஒன்றாகக் கூடி நடுவில் வந்து நிற்பதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

"சல்லரி தண்ணிக்குள்ள கேக்குது"

எம்பி3 கோப்பின் தரத்தைப் பிடிக்க, நம்மூர்ச் சல்லரியைப் போல ஒரு சாட்சி கிடையாது. அந்த வெண்கலத் தாளத்தின் ஒலி ஒரு சுரத்தில் நிற்காது. மேலே 10, 15 கிலோஹேர்ட்ஸ் வரை சிதறிப் பறக்கும். குறைந்த பிட் அளவில் சுருக்கும்போது மென்பொருள் இந்தச் சிதறலைத்தான் முதலில் வெட்டுகிறது. தட்டியவுடன் வர வேண்டிய கூர்மை மழுங்கி, அதற்குப் பின் ஒரு சுழலும் சலசலப்பு வரும். கைதட்டலிலும் குரவையிலும் இதே சலசலப்பைக் கேட்கலாம்.

கோப்பின் அளவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 128 கிலோபிட் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மெகாபைட். 320 கிலோபிட் என்றால் 2.4. சிடித் தரத்தில் சுருக்காத வேவ் கோப்பு 10 மெகாபைட்டுக்கு மேல். ஒரே சிடியில் 150 பாட்டு என்று பஸ் நிலையங்களில் விற்ற சிடிகளை நினைத்துப் பாருங்கள். 700 மெகாபைட்டை 150 ஆல் பிரித்தால் பாட்டுக்கு 4.7 மெகாபைட். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 128 கிலோபிட்டுக்கு மேல் அங்கே இடமே இல்லை. அந்தச் சிடிகளிலிருந்துதான் பலருடைய பென்ரைவ் நிரம்பியிருக்கிறது.

ஆனால் அளவு பொய்யும் சொல்லும். பழைய 128 கோப்பை 320 ஆகவோ ஃபிளாக் (ஒலியில் எதையும் வெட்டாமல் சுருக்கும் கோப்பு வகை) ஆகவோ மாற்றி வைத்திருப்பார்கள். கோப்பு பருக்கும், வெட்டுப்பட்டது திரும்ப வராது. இதைக் கண்ணால் பார்க்க ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஒலியலைகளின் படம் வரும். 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தியால் வெட்டியது போல் ஒரு நேர்கோடு, அதற்கு மேல் கறுப்பு என்றால் 128 கிலோபிட்டில் பிறந்தது. 20 வரை நிறம் இருந்தால் 320 ஆகவோ அசலாகவோ இருக்கலாம். 15இல் நின்று 19இல் மெல்லிய ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தால் எஃப்எம் ரேடியோவில் பிடித்தது. அந்தக் கோடு ஸ்டீரியோ ஒலிபரப்போடு கூடவே வரும் வழிகாட்டி அலை. பழைய பாட்டில் மேல் பகுதி படிப்படியாக மங்கி மறைவது வேறு விஷயம், அது அக்காலப் பதிவின் இயல்பு. நேர்கோட்டு வெட்டுத்தான் குற்றவாளி.

வாட்ஸப்பில் வந்த வீடியோவிலிருந்து உருவிய பாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொருமுறை அனுப்பும்போதும் அது திரும்பச் சுருங்கக்கூடும். பாட்டை அனுப்புவதானால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும். புளூடூத்தும் இதே கதைதான், அது வழியில் இன்னொருமுறை சுருக்குகிறது. குறையைத் தேடும் நேரத்தில் வயரால் இணைத்துக் கேளுங்கள்.

"சத்தம் இருக்கு, அடி இல்ல"

புதிய பாட்டுகளில் வரும் முறைப்பாடு. போட்டவுடன் பெரிய சத்தம், இரண்டாவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். தவில் அடிக்கிறது, ஆனால் நெஞ்சில் படுவதில்லை.

டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, பூச்சிய டெசிபெல். அதற்கு மேல் போக முடியாது. பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும் என்று, மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிக் கூரைவரை அடுக்குகிறார்கள். முன்பு குரலைவிட மிக உயர்ந்து எழும்பிய தவிலடிக்கு இப்போது எழும்ப இடமில்லை. தலை நசுங்கிவிடுகிறது. 1990களிலிருந்து உலகம் முழுவதும் நடந்து வரும் இந்தக் கூத்தில் தமிழ்ச் சினிமாவும் சேர்ந்தே ஆடியது.

ஓடாசிட்டியில் பாட்டைத் திறந்து அலையைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருந்தால் நல்லது. மேலும் கீழும் சீவிவிட்ட வேலி மாதிரி ஒரே மட்டத்தில் நின்றால் நசுக்கப்பட்டது. கிளிப்பிங்கைக் காட்டும் வசதியைப் போட்டால், கூரையில் முட்டிய இடங்கள் சிவப்புக் கோடுகளாக வரும்.

நசுங்கியதை நிமிர்த்த வழியில்லை. சிலர் எக்ஸ்பாண்டர் என்று ஏதோ போட்டுப் பார்ப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செய்யக்கூடியது, அதே பாட்டின் முந்திய வெளியீட்டைத் தேடுவது. இணைய இசைத் தளங்களில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறது. ஸ்பொட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) என்ற மட்டத்துக்குக் கொண்டு வருகிறது. அதைப் போட்டுவிட்டு ஒரு பழைய பாட்டையும் ஒரு புதிய பாட்டையும் மாறி மாறிக் கேளுங்கள். சத்தத்தால் வந்த கவர்ச்சி போனபின் எது உயிரோடு இருக்கிறது என்று விளங்கும்.

"ஒரு சுருதி மட்டும் உறுமுது"

இது அறை. ஆகவே பதிவைக் குறை சொல்லும் இந்தக் கட்டுரையில் இதற்குக் கொஞ்ச இடம்தான்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே குறிப்பிட்ட ஒரு கீழ் ஒலி தேங்கி நிற்கும். சுவருக்கிடையே 12 அடி என்றால் அது ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ், 10 அடி என்றால் 56. பத்துக்குப் பத்துச் சதுர அறையில் இரண்டு பக்கமும் ஒரே ஒலியில் தேங்கும், அதுதான் மிக மோசம். சீமெந்துச் சுவர், மாபிள் தரை, கண்ணாடி யன்னல் என்று கட்டிய புது வீடுகளில் மேல் ஒலியும் சேர்ந்து துள்ளும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். டிர்ர் என்று ஒரு நடுக்கம் பின்னால் வந்தால், பாட்டில் வரும் கூச்சத்தில் பாதி அதுதான்.

ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள், சுவரிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். கதிரையும் பின்சுவரோடு ஒட்டியோ அறையின் நட்டநடுவிலோ இருக்க வேண்டாம். தரையில் பாய், சுவரில் புத்தகத் தட்டு, யன்னலுக்குக் கனத்த திரை. பழைய ஓட்டு வீட்டு விறாந்தைக்குள் அதே செற்றைக் கொண்டுபோய்ப் போட்டால் உறுமல் பெருமளவு இல்லாமல் போவதைக் கேட்கலாம்.

ஒரே ஒரு அல்பத்தில் மட்டும் பேஸ் வீங்கினால் அது அறையல்ல. கலவை செய்தவரின் ஸ்பீக்கரில் பேஸ் குறைவாக இருந்திருக்கும், அவர் கூட்டி வைத்திருப்பார்.

"கசற் மந்தமாக் கேக்குது"

சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இந்தக் கரையில் தப்பிக் கிடக்கும் கசற்றுகள் பெறுமதியானவை. கோயில் திருவிழா, குளிர்த்திப் பாடல், றபான், வீட்டுக் கலியாணம், ஒலிபரப்பாகிப் போன ரேடியோ நிகழ்ச்சி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மந்தமாகக் கேட்கிறதென்று தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் ஒலி நாடாவில் இருக்கிறது, டெக் அதைப் படிக்கவில்லை.

முதலில் நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் போட வேண்டாம். ஹெட்டையும் கெடுத்து அடுத்த கசற்றுக்கும் பரப்பும். காய வைத்து, அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது. பூஞ்சணம் இல்லையென்றால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் அற்ககோலைத் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். குச்சி கபில நிறமாக வரும். நிறம் வராமல் போகும்வரை துடைக்க வேண்டும். றப்பர் உருளையை நீண்ட நேரம் ஊற வைக்காமல் லேசாகத் துடையுங்கள்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு, அசிமுத் என்பார்கள். நாடாவுக்கு ஹெட் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த டெக்கும் போடுகிற டெக்கும் மயிரிழை வித்தியாசப்பட்டாலும் மேல் ஒலி போய்விடும். ஹெட்டின் இரு பக்கத்திலும் திருகாணி இருக்கும். அவற்றில் ஒன்றின் கீழ் சிறு சுருள்வில் இருக்கும், திருக வேண்டியது அதைத்தான். முதலில் திருகாணித் தலையில் பேனையால் அடையாளம் இடுங்கள். மோனோவில் போட்டு, மிகச் சிறிய அளவில் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஓர் இடத்தில் போர்வையை எடுத்தது போல் குரல் திறக்கும், நாடாவின் இரைச்சலும் கூர்மையாகும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசற்றுக்கும் இந்த இடம் மாறலாம், ஆகவே அடையாளத்துக்குத் திரும்ப வர மறக்க வேண்டாம். மோனோவில் கேட்பதற்குக் காரணம், சாய்வு பிழைத்தால் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று அழித்து, வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டொல்பிப் பொத்தானையும் பாருங்கள். டொல்பி இல்லாமல் பதிந்த கசற்றை டொல்பி போட்டுக் கேட்டால் மந்தம். போட்டுப் பதிந்ததைப் போடாமல் கேட்டால் இரைச்சலும் கூச்சமும்.

சுருதி பிழைத்த கசற்றுகள் நிறைய இருக்கும். கரண்ட் இல்லாத காலத்தில் பற்றரியில் ஓடிய ரெக்கோடரில் பதிந்தவை. பற்றரி இறங்கும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கும். இப்போது சரியான வேகத்தில் போட்டால் ஆள் அவசரமாகவும் கீச்சுக் குரலிலும் பாடுவார். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறும். கசற்றில் ஆர்மோனியம் இருந்தால் அதிர்ஷ்டம். வீட்டு ஆர்மோனியத்தின் கட்டையோடு ஒப்பிட்டு ஓடாசிட்டியில் வேகத்தை மாற்றிச் சரிக்கட்டலாம். பற்றரி இறங்க இறங்க வேகமும் மாறியிருக்கும், அதனால் தொடக்கத்துக்கு ஒரு கணக்கு, முடிவுக்கு ஒரு கணக்கு என்று பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும். பொறுமையான வேலை.

பாட்டுத் தொடங்கும் முன்பே அதே பாட்டு மெல்லியதாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். சுருட்டிக் கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் படிந்தது அது. 120 நிமிடக் கசற்றின் மெல்லிய நாடாவில் கூடுதலாக இருக்கும். போடுவதற்கு முன் முழுவதையும் ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் கொஞ்சம் குறையும்.

"ஊம் எண்டு ஓர் இரைச்சல்"

பாட்டை இடைநிறுத்துங்கள். இரைச்சலும் நின்றால் பதிவில் இருக்கிறது. நிற்காவிட்டால் செற்றில்.

பதிவில் இருப்பது மேடையின் மின்வயரோடு மைக் வயரைச் சேர்த்து இழுத்ததால் வந்திருக்கும். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே 50, 100, 150 ஆகிய மூன்று இடங்களில் மட்டும் ஒடுக்கமாக வெட்டுங்கள். ஜெனரேட்டரில் நடந்த நிகழ்ச்சி என்றால் 50 கொஞ்சம் தள்ளிக்கூட நிற்கும், ஓடாசிட்டியில் அலைவரிசைப் படத்தைப் பார்த்து இடத்தைப் பிடியுங்கள்.

செற்றில் இருப்பதானால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் போனால் ஏர்த் சுற்றுப் பிரச்சினை, அதாவது கணினிக்கும் அம்பிளிஃபயருக்கும் ஏர்த் இரண்டு வழியால் இணைந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் போடுவதும், கணினிக்கும் அம்பிளிஃபயருக்கும் நடுவே ஒலி வயரில் தனிப்படுத்தும் ட்ரான்ஸ்ஃபோமர் வைப்பதும் வழிகள். ஏர்த் ஊசியை முறித்துவிடுவது வழியல்ல. இரைச்சல் நிற்கும், ஒருநாள் ஆளும் நின்றுவிடும்.

"ஒரு பக்கம் கரகரக்குது"

கல்லடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோரத்தில் வீடு இருந்தால் உப்புக்காற்று பிளக்குகளைப் பச்சை பிடிக்க வைக்கும். கழற்றித் துடைத்து, கொண்டாக்ட் கிளீனர் தெளித்து, சில தடவை செருகி எடுங்கள். இடவல வயர்களை மாற்றிப் போடும்போது கரகரப்பும் பக்கம் மாறினால் பிழை வயருக்கு முன்னால். மாறாவிட்டால் ஸ்பீக்கர் பக்கம். பேஸ் வரும்போது மட்டும் கரகரத்தால் பேஸ் தரும் பெரிய கூம்பான வூஃபரின் ஓரப் பஞ்சு உதிர்ந்திருக்கலாம். விரலால் மெல்லத் தொட்டாலே தூளாகக் கொட்டும்.

"கூத்துப் பதிவில மத்தளம் மட்டும்தான்"

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இங்கே மட்டும் குறை வரும் முன்பே தடுக்க நம்மால் முடியும்.

போனில் பிடித்த கூத்தை நல்ல ஸ்பீக்கரில் போட்டால் விசித்திரமாக ஒன்று நடக்கும். மத்தளம் விழுந்தவுடன், கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியாரின் குரல் அமிழ்ந்து போகும். அடி ஓய்ந்தால் குரல் ஏறி வரும், அதோடு கூட்டத்தின் பேச்சும் தூரத்து நாய்க் குரைப்பும் பொங்கி எழும்பும். போன் தானே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பேச்சைப் பதிவதற்காக வைத்த வசதி அது, கூத்துக்கு நஞ்சு. பதிந்தபின் இதை நேராக்குவது பெருங்கஷ்டம்.

கூத்தாடும் வட்ட மேடையான வட்டக்களரியில் ஆடுகிறவர் சுற்றி வரும்போது குரல் நெருங்கி விலகுவது இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத விஷயம். அது உண்மையில் நடந்தது. ஸ்டீரியோவில் பதிந்திருந்தால் சலங்கை இடமிருந்து வலமாக நடந்து போவதை நல்ல ஸ்பீக்கர் அப்படியே காட்டும். இரண்டு மைக் மட்டும் வைத்து, ஒன்றுமே திருத்தாமல் பதிந்த கூத்து, இலட்சக்கணக்கில் செலவழித்த ஸ்டூடியோப் பாட்டைவிட உயிரோடு கேட்பதை நான் பலருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கையடக்க ரெக்கோடர் ஒன்று இருந்தால் அதில் தானியங்கி மட்டத்தை நிறுத்துங்கள். மத்தளத்தின் உச்ச அடி மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி வையுங்கள். 24 பிட்டில் பதிந்தால் மட்டம் தாழ்ந்திருப்பதால் ஒன்றும் கெடாது, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். தலைகளுக்கு மேலே தெரியுமளவு உயரத்தில் மைக்கை நிறுத்துங்கள், ஹோர்ன் ஸ்பீக்கருக்கு நேரே வேண்டாம். வாவிப் பக்கக் காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். போன்தான் இருக்கிறதென்றால் மட்டத்தைக் கையால் வைக்கவிடும் பதிவுச் செயலியைப் போட்டுக்கொண்டு போங்கள். (கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைப் பிடிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: போனை நீட்டினால் வாகனச் சத்தம்தான் கிடைக்கும், தண்ணீருக்குள் இறக்கும் மைக் வேண்டும்.)

24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் பிடிக்கும். விடியும்வரை ஆடும் கூத்துக்கு 8, 9 ஜிகாபைட் என்று கணக்குப் போடுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. ரெக்கோடர் தானே புதுக் கோப்புக்கு மாறுகிறதா என்று வீட்டிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

திருத்த வேலை எதுவாக இருந்தாலும் பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கி, ஈக்வலைசர், எதுவும் படக் கூடாது. இரைச்சல் நீக்கியைக் கூட்டிவிட்டால் சல்லரி மறுபடியும் தண்ணீருக்குள் போய்விடும். கோப்பின் பெயரில் ஊர், திகதி, கூத்தின் பெயர், அண்ணாவியாரின் பெயர் ஆகியவற்றை எழுதி, வேறு வேறு வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள்.